கடையில் கிடைக்காத செடிகள்

குன்னூரில் என் வீட்டைச் சுற்றியிருக்கும் சிறிய தோட்டத்தில் வளரும் செடிகளில் பெரும்பாலானவற்றை இன்று எந்த நர்சரியிலும் விலைக்கு வாங்க முடியாது. இலையைத் தொட்டாலே விரலில் மணம் ஒட்டிக்கொள்ளும் பழைய ஜெரேனியம், ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஹீலியோட்ரோப், ஒட்டுக்கட்டாமல் தன் வேரிலேயே நிற்கும் எட்வர்ட் ரோஜா, ஒற்றையடுக்கு டேலியா, ஜிமிக்கி போல் தலைகீழாகத் தொங்கும் ஃபுக்சியா, சுவரோரத்து ஹைட்ராஞ்சியா ஆகியவை அவற்றுள் சில. அருகிவரும் இனம் என்று தாவரவியலாளர்கள் குறித்துவைக்கும் அளவுக்கு இவற்றில் எதுவும் அரியதன்று. ஒரு காலத்தில் இந்த மலையில் வேலியாகவும் வாசல் ஓரமாகவும் யாரும் கவனிக்காமலே நின்றவைதாம். விற்பவர் இல்லாமல் போனதால், வைத்திருப்பவர் இன்னொருவருக்குக் கொடுத்தால் மட்டுமே பிழைக்கும் என்ற நிலைக்கு இவை வந்துவிட்டன. அப்படி வாங்கியும் கொடுத்தும் இவற்றை வளர்த்துவருவதில் எனக்குத் தெரிந்தவற்றையும், பழையவை என்றாலும் வளர்க்கவே கூடாது என்று நான் கருதும் சிலவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

மேலே சொன்னவற்றில் ஒன்றுகூட இந்த மலைக்குச் சொந்தமானதன்று. ஜெரேனியம் தென்னாப்பிரிக்காவிலும், டேலியா மெக்சிகோவிலும், ஹீலியோட்ரோப் பெருவிலும், ஹைட்ராஞ்சியா ஜப்பானிலும் பிறந்து, ஐரோப்பியத் தோட்டங்கள் வழியாக இங்கே வந்து சேர்ந்தவை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் உதகையில் கல்வீடு எழுப்பிய 1822க்குப் பிறகு இந்த வரவு தொடங்கியது. 1848இல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் உதகை தாவரவியல் பூங்காவை உருவாக்கும் பொறுப்பை ஏற்றதும், 1874இல் குன்னூரில் சிம்ஸ் பூங்காவும், 1908இல் கொடைக்கானலில் பிரையண்ட் பூங்காவும் தோன்றியதும் பலரும் அறிந்த வரலாறு. ஆனால் அந்தப் பூங்காக்களிலிருந்தும் வெள்ளைக்காரர்களின் பங்களாக்களிலிருந்தும் இதே செடிகள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த வழியை யாரும் அவ்வளவாக எழுதிவைக்கவில்லை. பங்களாத் தோட்டக்காரர் கவாத்து செய்து ஒதுக்கிய குச்சிகளைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய் நெய் டின்னிலும் பால்மாவு டின்னிலும் ஊன்றினார். அவரிடமிருந்து அண்டை வீட்டார் வாங்கினார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பங்களில் பலருக்கும் இந்தப் பூக்கள் ஏற்கெனவே பழக்கமானவை, ஏனென்றால் அங்கேயும் தேயிலையும் பங்களாவும் தோட்டக்காரரும் இருந்தார்கள். பங்களாக்கள் கைமாறி விடுதிகளாகிவிட்ட பின்னும் பழைய வகைகள் எஞ்சியிருப்பது லைன் வீட்டு டின்களில்தான். என் தோட்டத்தில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்தவை.

இவை ஏன் வழக்கொழிந்தன என்பதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஹாலிஹாக் போன்றவற்றை நோய் வீழ்த்தியது: தென்னமெரிக்காவிலிருந்து பரவிய துரு நோய் 1870களில் ஐரோப்பாவின் ஹாலிஹாக்குகளை அழித்தது, ஈரம் மிகுந்த நம் மலையில் இன்றும் அந்தச் செடியின் அடியிலைகள் ஆரஞ்சுப் புள்ளி விழுந்து உதிர்வதைக் காணலாம். இடநெருக்கடி இன்னொரு காரணம். முற்றமாக இருந்த இடத்தில் வாகனம் நிறுத்த சிமென்ட் தளம் வந்துவிட்டது. எனக்குத் தோன்றும் முதன்மையான காரணம் வேறு. உதகையில் 1896இல் தொடங்கிய மலர்க் கண்காட்சி ஆயிரக்கணக்கான தொட்டிகள் மே மாதத்தின் சில நாட்களில் ஒன்றாகப் பூத்து நிற்பதை எதிர்பார்க்கிறது. அதற்கு பெட்டூனியா, பேன்சி, சால்வியா, மேரிகோல்டு போன்ற ஒரு பருவச் செடிகளே பொருத்தமானவை. விதைத்த நாளிலிருந்து எண்ணினால் பூக்கும் நாளை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கண்காட்சிக்கு அது சரிதான், அதில் எனக்குக் குறையேதும் இல்லை. வீட்டுத் தோட்டமும் கண்காட்சி மாடத்தைப் பார்த்து அமைய வேண்டும் என்ற எண்ணம் பரவியதுதான் சிக்கல். மே மாதத்தில் விருந்தினர் வரும்போது வண்ணம் தெரிய வேண்டும் என்று விரும்பும் விடுதிக்காரர், ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் பூக்கும் செடியை எதற்காக வைத்திருக்கப் போகிறார்? அவர் வாங்கும் எஃப்1 எனப்படும் முதல் தலைமுறைக் கலப்பின விதையிலிருந்து வரும் செடியின் விதையை எடுத்து மறுபடி விதைத்தால் அதே பூ வராது. எனவே ஒவ்வோர் ஆண்டும் கடைக்குப் போக வேண்டும். பழைய செடியை ஒருமுறை கொடுத்துவிட்டால் அதன்பின் விற்பதற்கு எதுவுமில்லை. நர்சரிகள் அவற்றைக் கைவிட்டதில் வியப்பும் இல்லை.

ஜெரேனியத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் பழைய செடிகளை வளர்க்க விரும்புபவருக்கு அதைவிட எளிய தொடக்கம் இல்லை. இலையில் குதிரைலாட வடிவில் கருவளையம் கொண்ட வகை, ஐவி இலை போன்ற தடித்த இலையுடன் சுவரில் வழிந்து தொங்கும் வகை, பூ சிறிதாகவும் இலை மணமாகவும் இருக்கும் வகை என்று மூன்றும் என்னிடம் உள்ளன. மணமுள்ள வகையின் ஒன்றிலிருந்து வாசனை எண்ணெய் எடுப்பதற்காக நீலகிரியிலும் பழனி மலையிலும் அதைப் பயிராகவே வளர்த்திருக்கிறார்கள். குச்சி எடுப்பதில் இதற்கு ஒரு தனி விதி உண்டு. மற்றச் செடிகளின் குச்சியை ஒடித்தவுடன் ஈரத்தில் ஊன்ற வேண்டும். ஜெரேனியத்தின் குச்சியையோ ஒரு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் உலர்ந்து மூடிய பிறகுதான் ஊன்ற வேண்டும். மேலே பிளாஸ்டிக் உறை போட்டு மூடுவதும் கூடாது. ஈரம் மிகுந்தால் அடித்தண்டு கறுத்து அழுகும்; அந்தக் கறுப்பு தொடங்கிவிட்டால் மருந்தைத் தேடுவதில் பயனில்லை, மேலே பச்சையாக இருக்கும் நுனியை வெட்டிப் புதிதாக ஊன்றுவதே வழி. செம்மண்ணில் பாதியளவு ஆற்றுமணல் கலந்தால் போதும், எரு அதிகம் வேண்டாம். எரு கூடினால் இலை பெருத்துப் பூ குறையும். குன்னூரின் வடகிழக்குப் பருவமழை, அக்டோபரிலும் நவம்பரிலும், தென்மேற்குப் பருவமழையைவிடக் கடுமையாகப் பெய்வது. அந்த இரண்டு மாதங்களும் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவைப்பது இந்தச் செடிக்குச் செய்யும் பெரிய உதவி. லைன் வீடுகளில் கூரைச் சாய்ப்புக்கு அடியில், சன்னல் திண்டில், அடியில் ஆணியால் துளையிட்ட டின்னில் இது செழித்திருப்பதன் இரகசியமும் அதுவே.

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் எனக்கு முதல் ஐவி ஜெரேனியத்தைக் கொடுத்தபோது, "வேர் விட்டதும் ரெண்டு குச்சிய வேற யாருக்காச்சும் குடுத்துரு தம்பி. எங்கிட்ட இருக்குறது செத்துப்போச்சுன்னா நான் யாருகிட்டப் போயி கேக்குறது?" என்றார். திருடி நட்டால்தான் கொடி நன்றாகப் படரும் என்று மணி பிளாண்டைப் பற்றி நம் ஊர்களில் சொல்வார்கள். அந்த நம்பிக்கை உள்ளவர்கள் பாட்டியின் வாசலில் அதிகம் என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் கேட்டுக்கொண்டதை நான் தோட்ட விதியாகவே வைத்திருக்கிறேன். ஒரு வகை என்னிடம் மட்டும் இருக்கும்வரை அது என்னிடம் இருப்பதாக நான் கணக்கில் கொள்வதில்லை.

ஹீலியோட்ரோப் அந்த விதியின் தேவையை நன்கு காட்டும் செடி. பதினெட்டாம் நூற்றாண்டில் பெருவிலிருந்து பாரிசுக்கு விதை அனுப்பியவர் ஜோசப் த ஜுஸ்யூ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். வெனிலாவை நினைவூட்டும் அதன் மணத்துக்காகவே ஐரோப்பியர்கள் அதை விரும்பினார்கள். குளிர்நாடுகளில் அது முழங்கால் உயரப் படுகைச் செடி. உறைபனி எட்டாத நம் சரிவுகளிலோ ஆளுயரப் புதராகி நிற்கும். இன்று விதையாகக் கிடைப்பவை குட்டையாகவும் அடர்ந்த நிறமாகவும் இருக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றில் பலவற்றுக்கு மணம் குறைவு. எதற்காக அந்தச் செடி கடல் கடந்து பயணம் செய்ததோ அதையே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மேம்படுத்தியிருக்கிறார்கள். மணமுள்ள பழைய வகை வெளிறிய ஊதாவாக, கொஞ்சம் நெடுநெடுவென்று, ஒழுங்கில்லாமல் வளரும். தொட்டியில் வைத்து விற்க அது அழகாக இராது. இதை விதையால் பெருக்குவதில் பொருளில்லை, ஏனெனில் விதைச் செடியின் மணம் தாயின் மணமாக இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. பூக்காத இளந்தண்டின் நுனியை நான்கு விரல் அளவில் எடுத்து, அடியிலைகளை நீக்கி, மணலும் இலைமட்கும் கலந்த கலவையில் நிழலில் ஊன்றினால் பெரும்பாலும் வேர் பிடிக்கும். உறைபனி ஒரே இரவில் இதைக் கருக்கிவிடும். உதகையில் இருப்பவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தாவரவியல் பூங்காவில் செய்வதுபோலக் கோத்தகிரி மிலார் தழையால் மாலையில் மூடிவைத்து வெயில் ஏறியபின் எடுக்கலாம். அதைவிடப் பாதுகாப்பானது ஒரு நாற்றை வீட்டுக்குள் சன்னலோரம் வைத்துக்கொள்வது. இதன் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் கன்றுக்குட்டி மேயும் இடத்தில் நடவேண்டாம்.

ரோஜாவைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. 1867இல் பிரான்சில் கியோ என்பவர் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவைப் புதிய காலத்தின் முதல் ரோஜாவாகக் கொண்டு, அதற்கு முன்பே இருந்த வகுப்புகளைப் பழைய தோட்ட ரோஜாக்கள் என்று ரோஜா வல்லுநர்கள் பிரிக்கிறார்கள். நம்மிடம் எட்வர்ட் என்று வழங்கும் ரோஜா அந்தப் பழைய பிரிவில் பூர்போன் வகுப்பைச் சேர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் எனப்படும் பூர்போன் தீவில், வேலிக்காக நட்டிருந்த டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தாமாகக் கலந்ததில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வகுப்பு தோன்றியது. டமாஸ்க்கின் மணமும், அடிக்கடி பூக்கும் சீன ரோஜாவின் குணமும் ஒன்றாக வாய்த்த ரோஜா அது. தமிழகத்தின் சமவெளியில் உழவர்கள் மாலை கட்டுவதற்காக எட்வர்ட் ரோஜாவை இன்றும் ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். பூச்சந்தைக்குள் நுழைந்துவிட்டதால் அது பிழைத்தது. சரத்திலும் மாலையிலும் இடம்பெறாத ஹீலியோட்ரோப்புக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. ஆனால் வயலில் பயிராக இருப்பதை அலங்காரச் செடியாக மதிக்க மனம் வருவதில்லை போலும். மலையில் இதை வாசலில் வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இதன் சிறப்பு வேரில் இருக்கிறது. நர்சரியில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் வேறோர் அடிச்செடியின் மீது மொட்டுக் கட்டியது. கடும் மழையிலோ நோயிலோ மேலே உள்ள ஒட்டுப்பகுதி பட்டுவிட்டால், அடியிலிருந்து துளிர்த்து வருவது நாம் விலைகொடுத்து வாங்கிய ரோஜாவாக இராது. தன் வேரில் நிற்கும் ரோஜாவோ தரைவரை பட்டுப்போனாலும், தரைக்கடியில் உயிர் இருந்தால் மீண்டும் அதே ரோஜாவாகவே வரும். காட்டெருமை இரவில் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே நுழையும் ஊரில் இந்த ஒரு குணத்துக்காகவே பழைய ரோஜாவை நான் பரிந்துரைப்பேன். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்திய நர்சரிகளில் ஒட்டுக்கட்டும் அடிச்செடியாகப் பயன்பட்டவற்றுள் எட்வர்டும் ஒன்று. புதிய ரோஜா செத்த இடத்தில் அடியிலிருந்து வந்த தளிரைக் காட்டுக்குச்சி என்று வெட்டி எறியாமல் பொறுமையாக வளரவிட்டுப் பாருங்கள். எல்லா நேரமும் அல்ல, சில நேரம், மணக்கும் இளஞ்சிவப்புப் பூ ஒன்று வந்து நிற்கும்.

பென்சில் கனமுள்ள, பூத்து முடிந்த தண்டை ஒரு சாண் நீளத்தில் எடுத்து, ஜூன் மாதத் தூறலில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி ஊன்றுவதே இதற்கான முறை. தளிர் வந்தவுடன் வேரும் வந்துவிட்டது என்று நம்பிப் பிடுங்கி மாற்றக் கூடாது. குச்சிக்குள் இருக்கும் சேமிப்பை வைத்தே அது முதல் தளிரை விட்டிருக்கும்; இரண்டாம் முறை துளிர்க்கும்வரை அசைக்காமல் விடவேண்டும். மழைக்காலத்தில் இலையில் கரும்புள்ளி நோய் வரத்தான் செய்யும், பழைய ரோஜா நோயே அறியாதது என்று சொல்பவர்கள் குன்னூரில் ஒரு நவம்பரைக் கழித்ததில்லை. விழுந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துவதும், செடிகளுக்கிடையே காற்றோட்டம் விடுவதும் போதுமான காப்பு.

பழைய ரோஜாக்களின் மதிப்பு பழமையில் மட்டும் இல்லை என்பதற்குக் கொடைக்கானலில் ஒரு சான்று உண்டு. இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகி அங்கே குடியேறிய எம். எஸ். வீரராகவன், வடகிழக்கு இந்தியாவில் வளரும் ரோசா ஜைகான்டியா, ஈர நிலங்களில் வளரும் ரோசா கிளைனோபில்லா ஆகிய காட்டு ரோஜாக்களைப் பழைய தோட்ட வகைகளுடன் சேர்த்து, வெப்பநாடுகளுக்கு ஏற்ற ரோஜாக்களை உருவாக்கினார். அத்தகைய உழைப்புக்கு மூலப்பொருளாகப் பழைய செடிகள் எங்கேனும் உயிரோடு இருந்தாக வேண்டும். நீலகிரி, பழனி மலைகளின் சோலை ஓரங்களில் வெண்ணிறத்தில் ஐந்திதழோடு பூத்துப் படரும் ரோசா லெஷனோல்டியானா என்ற காட்டு ரோஜா நமக்கே உரியது. காட்டிலிருந்து அதைப் பிடுங்கிவர யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். அது நிற்கும் இடத்தில் நிற்கட்டும்.

ஹைட்ராஞ்சியாவுக்கு மண்ணைப் படிக்கத் தெரியும். அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்வழியே ஏறும்; அது பூவின் நிறமியோடு சேரும்போது நீலம் பிறக்கும். மண்ணின் அமில-கார அளவு ஐந்தரைக்குக் கீழே இருந்தால் நீலம், ஆறரைக்கு மேலே போனால் இளஞ்சிவப்பு, இடையில் இருந்தால் இரண்டும் கலந்த ஒரு மங்கல் ஊதா. மழையால் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோன நம் மலைமண்ணும், அந்த அமிலத்தை விரும்பும் தேயிலையும் பக்கத்தில் இருக்கும்போது இங்குள்ள ஹைட்ராஞ்சியாக்கள் நீலமாக இருப்பது இயல்பு. எங்கள் தெருவில் ஒரு வீட்டார் புதிதாக சிமென்ட் சுற்றுச்சுவர் எழுப்பிய பிறகு, சுவரை ஒட்டியிருந்த பகுதி மட்டும் இளஞ்சிவப்பாகவும், வெளிப்புறம் நீலமாகவும் ஒரே புதரில் பூக்கத் தொடங்கியது. பூசுவேலையின் சுண்ணாம்பு மழையில் இறங்கியதே காரணம். வெள்ளை வகைகள் மட்டும் இந்த விளையாட்டில் சேர்வதில்லை. இது பூப்பதில்லை என்று குறைப்படுபவர்களின் தோட்டத்தைப் பார்த்தால் பெரும்பாலும் பனிக்காலம் முடிந்ததும் ஒரேயடியாக மொட்டையடித்திருப்பார்கள். முந்தைய ஆண்டின் தண்டு நுனியில்தான் அடுத்த ஆண்டின் பூமொட்டு உருவாகி உறங்குகிறது. எனவே பூத்து முடிந்த உடனேயே, வாடிய தலைக்குக் கீழே தடித்த மொட்டு இணை தெரியும் இடம்வரை மட்டும் வெட்டி நிறுத்த வேண்டும்.

டேலியாவைக் கிழங்காகக் கொடுப்பதே வழக்கம், ஆனால் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உருளைக்கிழங்கில் உடம்பெங்கும் கண் இருக்கும். டேலியாவுக்குக் கிழங்கும் தண்டும் சேரும் கழுத்தில் மட்டுமே கண் உண்டு. கழுத்து முறிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. பிரிக்கும்போது பழைய தண்டின் ஒரு கீற்று ஒவ்வொரு கிழங்கோடும் ஒட்டிவரும்படி கூர்மையான கத்தியால் நறுக்க வேண்டும். ஒரே கிழங்கில் ஒரு வகையே தொங்கிக்கொண்டிருந்த கதை டேலியாவின் வரலாற்றில் உண்டு: 1872இல் மெக்சிகோவிலிருந்து ஹாலந்துக்குப் போன செடிப்பெட்டி ஒன்றில் எல்லாம் அழுகி, ஒரு டேலியாக் கிழங்கு மட்டும் மிஞ்சியது. அதிலிருந்து வந்த, இதழ்கள் சுருண்டு கூர்மையான சிவப்புப் பூவே இன்றைய கள்ளிவகை டேலியாக்கள் அனைத்துக்கும் மூலம். தட்டளவு பூக்கும் இன்றைய வகைகள் மழையில் தலை கனத்து முறிந்துவிடும். ஒற்றையடுக்குப் பழைய வகைக்கு முட்டுக்கோல் வேண்டியதில்லை, தேனீயும் அதன் நடுவிலுள்ள மகரந்தத்தை எளிதில் எட்டும். ஃபுக்சியாவைப் பற்றிச் சுருக்கமாக: நிழல், ஈரம், குளிர் மூன்றும் இருந்தால் அதற்கு வேறு எதுவும் தேவையில்லை, தேன்சிட்டு தானே வந்து சேரும்.

பழையது என்பதாலேயே ஒரு செடியைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் கருதவில்லை. மேல் நீலகிரியின் புல்வெளிகளை மூடியிருக்கும் மஞ்சள் பூ ப்ரூம், முள் நிறைந்த கார்ஸ், சதுப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் வெண்குடையாக அடைத்து நிற்கும் ஆரம் லில்லி ஆகியவையும் வெள்ளைக்காரர் காலத்து வரவுகள்தாம். முதுமலைக் காட்டின் அடித்தளத்தை விழுங்கிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியும் அலங்காரச் செடியாகவே இந்தியாவுக்கு வந்தது. ஆரம் லில்லி பூச்சாடிக்கு அழகு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் நீரோடும் இடத்துக்கு அருகில் அதை நடுவது அடுத்த வீட்டுக்காரருக்கும் கீழே உள்ள சோலைக்கும் செய்யும் தீங்கு. நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. மனிதக் கை உதவாவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுகளில் காணாமல் போகும் செடியைத் தோட்டத்துக்குள் விடலாம்; கையை எடுத்தால் பரவும் செடியை விடக்கூடாது. தானாக விதைத்துக்கொள்ளும் ஃபாக்ஸ்குளோவை இந்த அளவுகோலால் நான் தள்ளிவைத்திருக்கிறேன், அதன் இலை இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு என்பது இன்னொரு காரணம். இதை ஏற்காத நண்பர்கள் உண்டு, அவர்களின் ஃபாக்ஸ்குளோ அழகாகத்தான் இருக்கிறது.

விதையால் காப்பாற்றத் தக்கவை சிலவும் உண்டு. ஸ்வீட் பீயின் பழைய வகையை 1699இல் சிசிலித் தீவிலிருந்து கூப்பானி என்ற துறவி இங்கிலாந்துக்கு அனுப்பினார். கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறிய பூ, மணம் மட்டும் அறை நிறையும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதழ் அலையலையாக விரியும் பெரிய பூ வகைகள் வந்தபின் அது ஒதுங்கியது. இதன் பூ விரிவதற்கு முன்பே உள்ளுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடுவதால், பக்கத்தில் வேறு வகை இருந்தாலும் பெரும்பாலும் விதை தாயைப்போலவே வரும். வடகிழக்கு மழை ஓய்ந்தபின் ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் வெயில் ஏறுவதற்குள் பூத்துவிடும். காய்கள் கொடியிலேயே பழுப்பாகும்வரை சிலவற்றை விடவேண்டும், ஆனால் எல்லாவற்றையும் விட்டால் கொடி பூப்பதை நிறுத்திக்கொள்ளும். உணவுப் பட்டாணியைப் போலத் தோன்றினாலும் இதன் விதையை உண்ணக்கூடாது என்பதைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கொடுக்கும்போது மறக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஜூனில் ஐவி ஜெரேனியம், ஹீலியோட்ரோப், எட்வர்ட் ஆகியவற்றின் குச்சிகளைக் கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அனுப்ப இருக்கிறேன். கோத்தகிரிக்கு அனுப்புவதில் சிரமமில்லை. கொடைக்கானலுக்கு அனுப்பும் பொட்டலம் மலையிறங்கிச் சமவெளியைக் கடந்து மறுபடி மலையேற வேண்டும், அந்தச் சமவெளியில்தான் செடிகள் சாகின்றன. ரோஜாக் குச்சியின் இலைகளை முழுவதும் நீக்கி, ஈரமான செய்தித்தாளில் உருட்டி, அதன்மேல் வாழைச்சருகைச் சுற்றிக் கட்டினால் ஒரு நாள் பயணத்தை அது எளிதாகத் தாங்கும். ஜெரேனியத்துக்கு ஈரத்தாளே கூடாது, உலர்ந்த தாளில் சுற்றினால் போதும். வழியிலேயே வெட்டுவாய் உலர்ந்துவிடுவதால் போய்ச் சேர்ந்ததும் ஊன்றலாம். ஹீலியோட்ரோப்பின் இளந்தண்டு மேட்டுப்பாளையத்து வெயிலைத் தாங்காது. அதை மட்டும் வேர்பிடித்த நாற்றாக, மண்ணோடு, இரவுப் பேருந்தில் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்ப வேண்டும்.